'எங்க காலத்துல' என்கிற சொல்லாடல்

கூரம் என் தாய்மாமன் ஊர். காஞ்சிபுரத்துக்குப் பக்கம். போன மாசியில் ஒரு சாயங்காலம் அங்கே ஏரிக்கரையையொட்டிய டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, மூன்று பெரியவர்கள் ஒரே வாக்கியத்தை ஆளுக்கொரு முறை சொன்னார்கள். 'எங்க காலத்துல இப்படியா?' மூவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, எழுபத்தைந்துக்கும் எண்பதுக்கும் நடுவே. மூவரும் ஒரே ஊரில் இருப்பவர்கள். எதிரில் அரசமரத்தடியில் நான்கைந்து பையன்கள் செல்போனில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். விமர்சனம் அவர்களைப் பற்றியது. ஆனால் பேச்சைக் கொஞ்சம் நீட்டிக் கேட்டபோது எனக்குத் தெரியவந்தது இதுதான்: மூவரும் சொன்ன 'எங்க காலம்' ஒன்றல்ல. ஒருவருடைய பொற்காலம் இன்னொருவருடைய அடிமைக்காலம். அதைவிட விசித்திரம், அந்த முரண் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், பையன்களைத் திட்டுகிற ஒரு நிமிஷத்தில் மூவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். இந்த ஒருமிப்பு எங்கிருந்து வருகிறது? இதை எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், தகுதிக்குறைவு என்றே சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வாரம்தான் என் அக்கா மகனிடம் நானே அந்த வாக்கியத்தைச் சொன்னேன். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி அவன். ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிவரை தூங்கினான். 'எங்க காலத்துல இந்நேரம் ரெண்டு வேலை முடிச்சிருப்போம்டா' என்றேன். கண்ணைத் திறக்காமலே 'உங்க காலத்துல நைட் ஷிஃப்ட் இருந்துச்சா மாமா?' என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. கட்சி வேலை, சங்க வேலை, பத்திரிகை வேலை எல்லாம் பார்த்தவன். முதலாளித்துவத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரிந்த வாய்க்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கூரத்தில் பழம்பெருமைக்குப் பஞ்சமில்லை. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த கூரம் செப்பேடு இந்த ஊர்க் கோயிலுக்கானது. இந்த ஊரின் பல்லவர் கால நடராசர் சிலை இன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இராமாநுசரின் சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊரும் இதுதான். அவர் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயில்வரை கேட்குமாம். அவ்வளவு செல்வம், அவ்வளவு நேரம் நீளும் அன்னதானம். ஊரில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். சொல்லி முடித்து 'இப்போ யாரு அப்படிப் போடுறான்?' என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அந்தக் கதவுக்கு உள்ளே யார் போக முடிந்தது, வெளியே எவ்வளவு தூரத்தில் யார் நின்றார்கள் என்கிற கேள்வி கதைக்குள் வராது. கதையில் சத்தம் மட்டும்தான் வெளியே வருகிறது.

செப்பேட்டை இந்தக் கோணத்தில் ஒருமுறை பார்க்கலாம். ஹூல்ஷ் 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இதைப் பதிப்பித்தார். பரமேசுவரமங்கலம் என்கிற ஊர் இருபத்தைந்து பங்காகப் பிரிக்கப்படுகிறது. கூரத்து மண்டபத்தில் தண்ணீருக்கும் தீக்கும் ஒரு பங்கு, அதே மண்டபத்தில் பாரதம் வாசிக்கிறவனுக்கு ஒரு பங்கு, கோயில் பூசைக்கும் பழுதுபார்ப்புக்கும் மூன்று, மீதி இருபதும் இருபது பிராமணர்களுக்கு. ஒரு பொது இடம், குடிக்கத் தண்ணீர், பழங்கதை சொல்ல ஓர் ஆள், அந்த ஆளுக்கு நிலம். அதாவது ஞாபகத்தைச் சொல்கிற வேலைக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன்னமே கூலி நிர்ணயித்திருக்கிறார்கள். கடந்தகாலத்தைப் பேசுவது ஒருவகைச் சொத்துரிமை. இதை உவமையாகச் சொல்லவில்லை. செப்பேட்டில் இருப்பதைத்தான் சொல்கிறேன். அந்த நிலத்தில் ஏர் ஓட்டியவர்கள் எந்தக் கதையைச் சொன்னார்கள் என்பதற்குப் பங்கு இல்லை, ஆகவே பதிவும் இல்லை.

டீக்கடைக்குத் திரும்புவோம்.

முதலாமவர் நிலக்காரக் குடும்பம். அவர் சொன்ன குழந்தைப்பருவம் நமக்குத் தெரிந்ததுதான். சினிமாவிலும் வாரப்பத்திரிகைக் கதைகளிலும் 'கிராமம்' என்று வருவது இவருடைய ஞாபகம்தான். ஏரி நிறைந்து கலங்கல் வழியும், மதகில் குதிப்பார்கள், களத்து மேட்டில் வைக்கோல் போரில் புரளுவார்கள், பொங்கலுக்கு வீடு நிறைய ஆள். 'ஆளுங்க எல்லாம் எங்க வூட்டு மனுசங்க மாதிரி. தாத்தா ஒரு வார்த்தை சொன்னா அவ்ளோதான். மறுபேச்சு கெடையாது. இப்போ பெத்த புள்ள கூட எதுத்துப் பேசுறான்.' இந்த வாக்கியத்தில் எவ்வளவு சுலபமாகப் படியாளும் பெற்ற பிள்ளையும் ஒரே தட்டில் வைக்கப்படுகிறார்கள் என்று பாருங்கள். அவர் ஏங்குவது மதகுக்கா, மறுபேச்சில்லாத மௌனத்துக்கா? இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே அவர் ஞாபகத்தில் இருக்கின்றன. பிரித்தெடுக்கச் சொன்னால் அவரால் முடியாது.

இரண்டாமவர் படியாள் வீட்டுப் பிள்ளை. ஏழு வயதில் அதே போன்றதொரு வீட்டில் மாடு மேய்த்தவர். 'மேய்ச்சலுக்குக் கூலி இன்னா தெரியுமா? காலைல கூழு, பொழுதோட கூழு. அப்பன் வாங்குன கடனுக்கு நான் மாடு மேச்சேன்.' செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு எழுதிய குறிப்பில் இந்தக் கடன்கட்டு முறையைப் பற்றித்தான் எழுதியிருந்தார். அதையொட்டி 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததோ 1976-இல். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் ஓடியது அவருடைய குழந்தைப்பருவம். அவர் பள்ளிக்கூடம் போனது 1956-க்குப் பிறகு, மதிய உணவு வந்ததால். 'படிக்கவா போனேன்? சோத்துக்குத்தான் போனேன்' என்று சிரித்தார். நாலாவது வரை படித்தார்.

இவரும் 'எங்க காலத்துல' என்கிறார். ஏன்? நான் கேட்டேவிட்டேன். கொஞ்ச நேரம் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: 'அந்தப் பாடு பட்டோமே, அது இவங்களுக்குத் தெரியணும் இல்ல? தெரியாமப் போயிட்டா நாங்க பட்டது பட்டதே இல்லன்னு ஆயிடும்.' இது முதலாமவருடைய ஏக்கம் இல்லை. இழந்த சுகத்தை இவர் தேடவில்லை. பட்ட வதைக்குச் சாட்சி தேடுகிறார். ஆனால் அந்தச் சாட்சியைச் சொல்ல இவருக்குக் கிடைத்திருக்கிற மொழி முதலாமவருடையது. பாரதம் வாசிக்கிறவனுக்குத்தானே பங்கு. ஆகவே கூழுக்கு மாடு மேய்த்த கதை, பேச்சின் ஓட்டத்தில், 'அப்போ உழைச்சோம், உடம்பு இரும்பு. இப்போ காலையிலேயே பள்ளிக்கூடத்துல டிபன், நோகாம வளருதுங்க' என்று முடிகிறது. ஆதிக்கக் கருத்தியல் என்று நாம் தடித்தடியாக எழுதுகிறோமே, அது வேலை செய்கிற இடம் இப்படிச் சின்னதாக, ஒரு வாக்கியத்தின் கடைசிப் பாதியில் இருக்கிறது.

மூன்றாமவர் ஓர் ஆயா. டீக்கடைப் பெஞ்சில் உட்கார மாட்டார். பேரனைத் தேடி வந்தவர், மரத்தடியில் நின்றுகொண்டே பேசினார். காஞ்சிபுரத்துத் தறித் தெரு ஒன்றில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். காஞ்சிப் பட்டில் கோர்வை என்பது உடலும் கரையும் வேறுவேறு நிறமாக, ஆனால் பிரிக்க முடியாதபடி கோத்து நெய்வது. மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவருக்குக் கை இரண்டுதான். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரைக்கான நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் காலங்காலமாக ஒரு குழந்தை. தறிக்குழிக்குப் பக்கத்தில், வெளிச்சம் குறைவான வீட்டில், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை. சொந்த வீட்டுத் தறியானால் கூலி கிடையாது. பிறத்தியார் தறியானால் அப்பா முன்பணம் வாங்கியிருப்பார். அது அடையும்வரை குழந்தை அங்கே. இது பழங்கதையும் இல்லை. மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-இல் வெளியிட்ட பட்டுத்தொழில் அறிக்கையில் காஞ்சிபுரத்துக் குழந்தைகள் இதே முன்பணத்துக்குக் கட்டுண்டிருந்ததைப் பதிவு செய்திருக்கிறது. குழந்தை உழைப்புத் தடைச் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது என்பதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

'ஆயா, உங்க சின்ன வயசு எப்படி?' என்றால் அவர் சொன்னது ஒன்றே ஒன்று. அமாவாசை. அன்றைக்குத் தறி நிற்கும். 'அமாவாசைக்கு அமாவாசை நான் புள்ளையா இருந்தேன்.' மாதத்துக்கு ஒரு நாள். வருஷத்துக்குப் பன்னிரண்டு. வயதுக்கு வந்தபின் அதுவும் போய்விட்டது. அவர் பேரனைத் திட்டியது, அவன் அக்கா கடை வேலைக்குப் போய்வந்து சமைத்துவைத்ததை இவன் தட்டில் வாங்கித் தின்றுவிட்டுத் தட்டைக் கூடக் கழுவாமல் செல்போன் பார்க்கிறான் என்பதற்காக. இந்த 'எங்க காலத்துல'வில் தலைமுறையைவிட ஆண்மைதான் குற்றவாளி. ஆனால் நிலக்காரர் அதைக் கேட்டுவிட்டு 'பார்த்தியா, ஆயாவே சொல்லுது, பசங்க கெட்டுப் போயிட்டானுங்க' என்று தன் பக்கம் சேர்த்துக்கொண்டார்.

ஏக்கநோய் என்று இதை ஐரோப்பாவில் முதலில் வகைப்படுத்தியவர் யோகான்னஸ் ஹோஃபர் என்கிற மருத்துவ மாணவர், 1688-இல், பாசல் நகரில். ஊர் விட்டு ஊர் போய் வாழ நேர்ந்த சுவிஸ்காரர்களுக்கு, குறிப்பாகக் கூலிப்படை வீரர்களுக்கு வருகிற வியாதி என்றார். வியாதி இடத்தைப் பற்றியது. ஊருக்கு அனுப்பினால் தீரும். காலத்தைப் பற்றியதாக அது மாறியது பிறகுதான், அதற்கு மருந்தும் இல்லாமல் போயிற்று. ரேமண்ட் வில்லியம்ஸ் 1973-இல் எழுதிய 'நாடும் நகரமும்' நூலில் ஒரு வேடிக்கையான பரிசோதனை செய்கிறார். 'பழைய கிராமம் இப்போதுதான் அழிந்தது' என்று புலம்புகிற ஒரு புத்தகத்தை எடுக்கிறார். அது காட்டுகிற பொற்காலத்துக்குப் போனால், அங்கே ஒருவர் 'எல்லாம் போன தலைமுறையோடு போயிற்று' என்கிறார். இப்படி நகரும் படிக்கட்டில் பின்னோக்கி ஏறிஏறிக் கடைசியில் ஏதேன் தோட்டத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. வில்லியம்ஸ் இதைக் கேலியோடு நிறுத்தவில்லை என்பது முக்கியம். ஒவ்வொரு படியிலும் அந்தப் புலம்பல் வேறு வேறு வேலையைச் செய்கிறது, யார் புலம்புகிறார்கள் என்று பார் என்கிறார். நம் டீக்கடையில் படிக்கட்டு செங்குத்தாக இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. ஒரே காலத்துக்குள்ளேயே மூன்று படி.

இன்னொன்றையும் சொல்லிவிடலாம். 2019-இல் ப்ராட்ஸ்கோ, ஸ்கூலர் என்கிற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்கர்களிடம் நடத்திய ஆய்வில், அதிகாரத்துக்குப் பணிவதை மதிக்கிறவர்களுக்கு இளைஞர்கள் மரியாதை கெட்டவர்களாகவும், நிறையப் படித்தவர்களுக்கு இளைஞர்கள் படிக்காதவர்களாகவும் தெரிந்தார்கள். அவரவர் எதில் உயர்த்தியோ அதில் இளையவர் மட்டம். சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் 'இன்றைய பையன்கள் எங்கே வாசிக்கிறார்கள்' என்று இருபத்தைந்து ஆண்டுகளாகத் தலையங்கம் எழுதிவருவதை இங்கே பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏக்கம் டீக்கடையோடு நின்றால் பாதகமில்லை. அது ஆட்சியாளர் கையில் போனால் சட்டமாகிறது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்வது. அதற்குச் சொல்லப்பட்ட நியாயத்தில் ஒரு கிராமப் பொற்காலம் இருந்தது. பிள்ளை அப்பனோடு இருக்கும், கைத்தொழில் அழியாது, ஊர் குலையாது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதற்குக் 'குலக்கல்வி' என்று ஒரே சொல்லில் பதில் சொன்னார்கள். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். நம் மூவரும் அப்போது பள்ளிக்கூட வயதுக் குழந்தைகள். அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் ஆயா தறியில் உட்கார்ந்தது கல்வி என்று பதிவாகியிருக்கும். இரண்டாமவர் மாடு மேய்த்ததும் பாடத்திட்டமாகியிருக்கும்.

இதே மாவட்டத்தில் உத்திரமேரூரைக் காட்டி 'ஜனநாயகம் நம்மிடமிருந்து போனது' என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இரண்டு உண்டு. 919-இல் வெட்டியதில் வாரியத்துக்கு வர வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். இரண்டே வருஷத்தில், 921-இல், அது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் என்று திருத்தப்படுகிறது. அந்த இரண்டு வருஷத்தில் என்ன சண்டை நடந்தது என்று கல் சொல்லவில்லை. ஆனால் முப்பது வயதுக்காரன் தள்ளப்பட்டு அறுபத்தைந்து வயதுக்காரர் உள்ளே வந்தார் என்பது மட்டும் தெளிவு. சபைக்குச் சிறியவர் பெரியவர் எல்லோரும் கூட வேண்டும் என்கிறது கல். குடத்திலிருந்து ஓலை எடுப்பதோ ஒன்றுமறியாத ஒரு சிறுவன். ஆக இளமைக்கு அங்கே ஓர் இடம் உண்டு, அதற்கு ஒன்றும் தெரிந்திருக்கக் கூடாது. வரி கட்டும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி என்கிற தகுதிகளைச் சேர்த்தால் சிறியவர் பெரியவர் என்பதே ஒரு சாதிக்குள் நடந்த கணக்கு. கணக்கு காட்டாதவனும் அவன் உறவுக்காரனும் நிற்கக் கூடாது என்கிற விதி மட்டும் இன்றைக்கும் நமக்குத் தேவைப்படுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு, முதுமையின் ஞாபகம் எல்லாமே அதிகாரத்தின் தந்திரம் என்று முடித்துவிட்டால் வசதியாக இருக்கும். எனக்கு அப்படி முடிக்க மனசு வரவில்லை. இரண்டு காரணம்.

ஒன்று, தமிழில் நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய ஏக்கப் பாட்டுகளில் ஒன்றான புறநானூறு 243. பாடியவர் பெயர் கூடத் தெரியாது. பாட்டில் வருகிற கைத்தடியை வைத்துத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று வழங்குகிறோம். மணலில் பாவை செய்து பூச்சூட்டி விளையாடியது, பெண்களோடு கைகோத்து ஆடியது, நீர்மேல் சாய்ந்த மருதக் கிளையேறி மடுவில் குதித்து அடிமணலை அள்ளிவந்து காட்டியது எல்லாவற்றையும் சொல்லி, இன்று இருமலுக்கு நடுவில் சில சொல் பேசிக்கொண்டு தடியூன்றி நிற்கிற நமக்கு அது எங்கே போயிற்று என்று இரங்குகிறார். முழுப் பாட்டிலும் இளையவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. இன்றைய பிள்ளைகளுக்குக் குதிக்கத் தெரியவில்லை என்று அவர் சொல்லவில்லை. போனது தன் உடம்பின் இளமை, அதற்கு எந்தப் பையனும் பொறுப்பில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏக்கமும் கண்டனமும் பிறவியிலேயே ஒட்டிப் பிறந்தவை அல்ல என்பதற்கு இது போதும். எங்கே அதிகாரம் கைநழுவுகிறதோ அங்கேதான் ஏக்கம் கண்டனமாகத் திரிகிறது.

இரண்டு, ஏரி. நிலக்காரர் ஏங்குகிற அந்த மதகு பொய் இல்லை. செங்கல்பட்டுச் சீமைக்கே ஏரி மாவட்டம் என்றுதான் பெயர். கூரம் செப்பேட்டில் பாலாற்றிலிருந்து ஏரிக்கு நீர் கொண்டுவந்த பெரும்பிடுகு என்னும் கால் வருகிறது. வரத்துக்கால் தூர்ந்ததும் ஆற்றில் மணல் போனதும் யாருடைய கற்பனையும் இல்லை. எந்த மழைக்கு எந்தப் பக்கம் தண்ணீர் வரும், எந்த மடையை எப்போது திறக்க வேண்டும் என்பது நீர்க்கட்டிகளுக்குத்தான் தெரியும், பட்டாக்காரர்களுக்குத் தெரியாது. பெரும்பாலும் அவர்கள் காலனிக்காரர்கள். அந்த அறிவு இன்று எழுபது வயதைத் தாண்டிய சில தலைகளில் மட்டும் இருக்கிறது.

2022-இல் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டபின் ஏகனாபுரத்தில் ஊர்க்காரர்கள் இரவு நேரங்களில் கூடிக் கூடிப் போராடியதைத் தோழர்கள் அறிவார்கள். கிழவிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒரே தரையில் உட்கார்ந்தார்கள். ஏரி இங்கே இருந்தது, கம்பன் கால்வாய் இப்படிப் போகிறது என்று ஒரு கிழவர் சொல்வது அங்கே புலம்பலாக ஒலிக்கவில்லை. அது வாக்குமூலம். அப்படித்தான் பஞ்சமி நிலமும். 1994 அக்டோபர் 10-இல் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போனார்களே, அந்தக் காரணையில் போராட்டத்துக்கு அடிப்படையாக இருந்ததும் 'இது எங்க நிலம், எங்க தாத்தன் பயிரிட்டது' என்கிற ஞாபகம்தான். ஆவணம் தாலுகா ஆபீசில் தொலையலாம். அதுவரை கிழவர்கள்தான் ஆவணம்.

இளைஞர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஒன்று சேரவும் தெரியாது என்பவர்களுக்காக ஒரு தகவல். 2024 செப்டம்பர் 9-இலிருந்து சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பந்தலைப் பிரித்தார்கள், கைது செய்தார்கள், மறுநாளும் வந்து உட்கார்ந்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தச் சுற்றுவட்டாரத்து மரத்தடிகளில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்த வயதுக்காரர்கள்தான். பந்தலுக்கு அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டது அந்தச் செல்போனில்தான் என்று அங்கே போய்வந்த தோழர் ஒருவர் சொன்னார்.

அன்றைக்கு டீக்கடையில் இருட்டிவிட்டது. ஆயா பேரனை இழுத்துக்கொண்டு போனார். நிலக்காரரை மகன் வண்டியில் வந்து ஏற்றிக்கொண்டான். படியாளாக இருந்தவர் என்கூடக் கரைவரை நடந்தார். மரத்தடியிலிருந்து ஒரு பையன் வந்து, 'தாத்தா, பழைய மதகு எந்தப் பக்கம்? சர்வேக்காரங்க இந்தப் பக்கம்னு மேப்புல காட்டுறாங்க' என்று செல்போனை நீட்டினான். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். 'இன்னாடா படம் இது, தலைகீழாக் கீது' என்றார். பையன் போனைத் திருப்பிக் காட்டினான். பெரியவர் தடியால் தரையில் ஒரு கோடு கிழித்தார், அப்புறம் இன்னொன்று. நான் ஊருக்குக் கடைசி பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. போகும்போது அக்கா மகனுக்குப் போன் போட்டேன். ஷிஃப்டில் இருந்தான், எடுக்கவில்லை.